பழைய பாரசீகக் கம்பளத்தைச் சீர்செய்து காப்பது எப்படி? செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டு வீட்டில் ஒரு பாரசீகக் கம்பளம் கெட்டுப்போயிருந்தால், அதை மிதித்தவர்கள்மேல் பழி போட வேண்டாம். வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும் அறை ஒரு காரணம். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது “அந்த ரத்தினக் கம்பளத்தைக் கொஞ்சம் அலசிப் போடுங்கப்பா” என்று அவசரமாக நடக்கும் சலவை இன்னொரு காரணம். பூட்டிய அறையில் பூச்சி சேர்கிறது, அவசரச் சலவையில் சாயம் போகிறது.

இங்கே சொல்லப்போவதெல்லாம் கம்பளத்தைப் புதுசாக்கும் வழி இல்லை. மேற்கொண்டு கெடாமல் நிறுத்தும் வழி. நூறு வயதுக் கம்பளம் நூறு வயதாகத் தெரிவதில் தப்பே கிடையாது.

முதலில் திருப்பிப் போடுங்கள்

வீட்டில் எல்லாரும் பெர்சியன் என்று சொல்வதால் மட்டும் அது பெர்சியன் ஆகிவிடாது. ஆந்திரத்து ஏலூரு, மசூலிப்பட்டினம், வடக்கே ஆக்ரா, அமிர்தசரஸ், காஷ்மீர் என்று நம் நாட்டிலேயே பாரசீக வடிவங்களைக் கையால் முடிச்சுப் போட்டு நெய்த ஊர்கள் உண்டு. மெஷினில் செய்ததும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் காப்பாற்ற வேண்டியதுதான், ஆனால் எவ்வளவு செலவு, எவ்வளவு ஜாக்கிரதை என்பது இதைப் பொறுத்தது.

பின்பக்கம் பாருங்கள். கைமுடிச்சுக் கம்பளத்தில் முன்பக்கத்துப் பூவும் கொடியும் பின்பக்கத்திலும் அப்படியே தெரியும். குஞ்சம் தனியாகத் தைத்ததாக இருக்காது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலே முனையில் குஞ்சமாக நீண்டிருக்கும். தனியாகத் தைத்த குஞ்சம் என்றால் ஒன்று மெஷின் கம்பளம், இல்லை முன்னால் யாரோ ரிப்பேர் செய்திருக்கிறார்கள். பின்பக்கத்து முடிச்சுகள் ஒன்றுக்கொன்று லேசாக ஏறி இறங்கி இருந்தால் கைவேலை. அச்சடித்த மாதிரி சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து, கம்பளத்தை முடிச்சு வரிசையோடு வளைத்து, ரோமத்தை (மேலே நிற்கும் கம்பளி இழைகளை) பிளந்து அடிவரை பாருங்கள். இரண்டு பாவு நூலையும் ஒரு கம்பளி இழை மேலே போர்த்தி, அதன் இரு முனையும் நடுவிலேயே சேர்ந்து வெளியே வந்தால் அது சமச்சீர் முடிச்சு. துருக்கி முடிச்சு என்றும் சொல்வார்கள். ஒரு பாவை முழுதாகச் சுற்றி, பக்கத்துப் பாவின் பின்னால் மட்டும் ஓடி, ஒரு முனை நடுவிலும் மற்றது வெளியிலுமாக வந்தால் பாரசீக முடிச்சு. ஈரானில் நெய்தது எல்லாம் பாரசீக முடிச்சு என்று நினைக்க வேண்டாம். காஷான், கெர்மான், இஸ்பஹான் பக்கம் பாரசீக முடிச்சு. தப்ரீஸ், ஹெரீஸ் பக்கம் துருக்கி முடிச்சு. ரிப்பேரின்போது இது ரொம்ப முக்கியம், பின்னால் வருகிறேன்.

சாயத்தையும் அங்கேயே பார்த்துவிடலாம். ரோமத்தின் நுனி ஒரு நிறம், அடி வேறு நிறம் என்றால், உதாரணமாக நுனி சாம்பல், அடி பளிச்சென்ற ஊதா என்றால், ஆரம்பகால அனிலின் சாயமாக இருக்கலாம். 1856-ல் ஆங்கில வேதியியலாளர் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு இந்த ரகங்கள் பாரசீகத்துக்கும் போய்ச் சேர்ந்தன. இவை தண்ணீரில் ஓடக்கூடியவை. ஒரே நீலம் ஒரு இடத்தில் அடர்த்தியாகவும் அடுத்த பட்டையில் வெளிறியும் குறுக்கே மாறினால் அது குறை இல்லை. வேறொரு முறை சாயமேற்றிய நூல் வந்திருக்கிறது, அவ்வளவுதான். கறுப்பும் அடர் பழுப்பும் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருப்பதையும் பார்ப்பீர்கள். இரும்புச் சத்து கலந்து ஏற்றிய சாயம் கம்பளியை மெல்ல அரிக்கும். அதை நிரப்பப் போக வேண்டாம். கம்பளத்தின் வயதுக்கு அதுவும் ஒரு சாட்சி.

கை வைக்கும் முன் பதிவு

நாலு மூலை, நடு, பின்பக்கம், ஒவ்வொரு கிழிசல் என்று போட்டோ எடுங்கள். டார்ச்சைத் தரையோடு ஒட்டிச் சாய்த்து அடித்தால் தேய்ந்த இடமும் மேடுபள்ளமும் தெளிவாகத் தெரியும். அகலத்தை மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். பழைய கம்பளம் எப்போதும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். சலவைக்குப் பிறகு சுருங்கியதா என்று தெரிய இந்தக் கணக்குத்தான் துணை.

வளவு வீட்டுச் சாமான், அதாவது பங்காளிகள் எல்லாருக்கும் பாத்தியதை உள்ள பூர்வீக வீட்டுச் சாமான் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. கம்பளம் ஒருவர் பங்கா, பொதுவா? பொது என்றால் போட்டோக்களைப் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, என்ன செய்யப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குஞ்சத்தை வெட்டியது யார் என்ற பஞ்சாயத்து நூலை விட நீளமாகப் போகும்.

பூச்சியை முடிக்காமல் அடுத்த வேலை இல்லை

கம்பளியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. வெளிச்சம் பிடிக்காது, அலமாரிக்கு அடியில், சுருளின் உள்மடிப்பில்தான் இருக்கும். அடையாளங்கள்: வழுக்கையாக ஓடும் கோடுகள், ஒட்டடை மாதிரி மெல்லிய கூடு, ரவை போலக் கொட்டும் துகள். அந்தத் துகள் சிவப்பாக இருந்தால் சிவப்புக் கம்பளியைத் தின்றிருக்கிறது என்று அர்த்தம். கம்பள வண்டு என்றால் முடி முளைத்த உலர்ந்த புழுத்தோல்கள் கிடைக்கும். தரையைத் தொட்ட பக்கத்தில் மண் கோடு தெரிந்தால் கரையான். அப்போது கம்பளத்தை மட்டும் பார்த்துப் பிரயோஜனமில்லை; தரையையும் சுவரையும் பார்க்க வேண்டும்.

புதிதாக எடுத்த கம்பளத்தை மற்ற துணிகளோடு வைக்காதீர்கள். சின்னக் கம்பளத்துக்கு உறையவைப்பதுதான் சுத்தமான வழி. சுருட்டி, கனமான பாலிதீனில் போட்டு, காற்றை நசுக்கி எடுத்து, டேப் ஒட்டி, மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்குக் கீழே போகும் பெட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் விடுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் உறையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் நம்மூர்க் காற்றின் ஈரம் அதன்மேல் முத்து முத்தாகப் படியும். குளிர் கம்பளியைக் கெடுக்குமா என்று பயப்பட வேண்டாம். இன்றைக்குக் கையில் இருக்கும் மிகப் பழைய முடிச்சுக் கம்பளம், பாசிரிக் கம்பளம், சைபீரியாவின் அல்தாய் மலைக் கல்லறையில் பனியில் உறைந்து கிடந்தபடி 1949-ல் எடுக்கப்பட்டது. வயது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல்.

பெரிய கம்பளத்தை ஃப்ரீசரில் நுழைக்க முடியாது. நல்ல வெளிச்சமுள்ள இடத்தில் விரித்து, இரண்டு பக்கமும் வேக்குவம் செய்து, பத்து நாளைக்கு ஒரு தடவை என இரண்டு மூன்று மாதம் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பூச்சிமருந்து ஸ்ப்ரே அடிக்காதீர்கள். அதிலிருக்கும் எண்ணெய்க் கறை பூச்சியை விட நீண்ட நாள் இருக்கும்.

தூசி எடுப்பது

முற்றத்துக் கொடியில் தொங்கவிட்டுக் கம்பால் அடிப்பதுதான் ஊர் வழக்கம். புதுக் கம்பளம் தாங்கும். எண்பது நூறு வருஷத்துப் பருத்திப் பாவு தாங்காது. அடி விழும் இடத்திலேயே இற்றுவிடும்.

வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் கம்பளத்தைக் குப்புறப் போடுங்கள். பின்பக்கத்தை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே போங்கள். மூலையைத் தூக்கிப் பார்த்தால் மணல் கொட்டியிருக்கும். பெருக்கிவிட்டு மறுபடி தட்டுங்கள், மணல் வருவது நிற்கும்வரை. இந்த மணல்தான் எதிரி. ரோமத்தின் அடியில் உட்கார்ந்துகொண்டு, மிதிக்க மிதிக்கக் கம்பளியை அறுக்கும். கோலமாவும் இதே கணக்கு. கல்மாவு அறுக்கும், அரிசிமாவு எறும்பைக் கூட்டும். கோலம் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் கம்பளம் விரிக்கும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

பிறகு முன்பக்கம். கையை இரு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் வழுவழுவென்று போகிறதோ அது ரோமம் சாயும் திசை. கொசுவலையை மேலே விரித்து, வேக்குவம் கிளீனரைக் குறைந்த இழுப்பில் வைத்து, அந்தத் திசையிலேயே நகர்த்துங்கள். சுழலும் பிரஷ் உள்ள முனை வேண்டாம். குஞ்சத்துப் பக்கம் போகவே வேண்டாம்.

பாதிக் கம்பளங்களுக்கு இதுவே போதும். தூசி போனதும் நிறம் தானாக எழுந்து வரும்.

துவைக்கலாமா?

பட்டு கலந்திருந்தால் வேண்டாம். ஒரு மூலையை லேசாக மடக்கும்போது படபடவென்று நொறுங்கும் சத்தம் கேட்டால் பாவு இற்றுப்போயிருக்கிறது, அதற்கும் வேண்டாம். முன்பு யாராவது பெயிண்ட் பூசியிருந்தாலும் வேண்டாம். தேய்ந்த இடத்தை மார்க்கராலோ துணிப் பெயிண்டாலோ மறைத்து விற்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வாங்கினாலும் சரி, வேறெங்கே வாங்கினாலும் சரி, ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு தடவை அழுத்தித் துடைத்துப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

மற்றதற்குச் சாயச் சோதனை. ஒவ்வொரு நிறத்தின்மேலும் ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியை வைத்து, மேலே கனமாக ஏதாவது ஏற்றி, பத்து நிமிஷம் விடுங்கள். அடுத்து சோப்புக் கலந்த நீரிலும், அதற்கடுத்து வினிகர் கலந்த நீரிலும் இதையே செய்யுங்கள். துணியில் ஒரு துளி நிறம் இறங்கினாலும் வீட்டுச் சலவை கிடையாது. “கொஞ்சம்தானே” என்று இறங்கினால், வெள்ளைப் பூவெல்லாம் ரோஸ் நிறத்துக்கு மாறிய பிறகு அதைத் திரும்ப எடுக்க வழியே இல்லை.

சோதனையில் தேறினால், காலம் பாருங்கள். மாசி, பங்குனி சரியான மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம். வடகிழக்கு மழையில் கம்பளம் காயாது. இரண்டு நாளைக்கு மேல் ஈரம் நின்றால் பூஞ்சை வாடை ஏறும், பாவு உளுக்கத் தொடங்கும்.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் அது ஆகாது. வளவு முற்றத்து ஓட்டிலிருந்து அண்டாவில் பிடித்த மழைத் தண்ணீர் வீட்டில் இருந்தால் அதை விட உசத்தி எதுவும் இல்லை. இல்லாவிட்டால் கடைசி அலசலுக்காவது ஆர்ஓ தண்ணீர். கம்பளிக்கென்று விற்கும் மிதமான திரவ சோப்பு மட்டும். சலவைச் சோடா, பிளீச்சிங், சாதாரணத் துணித்தூள் மூன்றும் கம்பளியின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சி முறுமுறுவென்று ஆக்கிவிடும். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் மென்மையானவைதான், ஆனால் அவற்றின் பழுப்பு வெள்ளை நூலில் தங்கும். ஆகவே பழங்கம்பளத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நிழலான, லேசாகச் சரிந்த சிமெண்ட் தரையைக் கழுவிவிட்டு விரியுங்கள். நனைத்து, சோப்புத் தண்ணீரைக் கடற்பஞ்சால் ரோமத் திசையிலேயே தடவுங்கள். தேய்க்கக் கூடாது, காலால் மிதிக்கவும் கூடாது. தெளிந்த நீர் ஓடும்வரை அலசுங்கள். கடைசி வாளித் தண்ணீரில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் விட்டு ஊற்றினால் கம்பளி அமைதியாகும். தண்ணீரை ரப்பர் தள்ளுவானால் ரோமத் திசையில் தள்ளி, பழைய வேட்டிகளால் ஒற்றி எடுங்கள். ஈரக் கம்பளத்தின் கனம் பல மடங்கு. மூலையைப் பிடித்துத் தூக்கினால் தன் பாரத்திலேயே கிழியும். குழாயில் சுருட்டி, நாலு பேர் சேர்ந்து தூக்கி, கட்டில் சட்டங்களின்மேல் அடியிலும் காற்று போகிற மாதிரி விரித்து, ஃபேனைப் போட்டுவிடுங்கள். நேர் வெயில் வேண்டாம்.

ரிப்பேர்: எதை முதலில், எதை விட்டுவிட

ரிப்பேரில் வரிசை இருக்கிறது. முனை, கரை, ஓட்டை, அப்புறம்தான் முடிச்சு. பலர் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்; நடுவில் வழுக்கை விழுந்த பூ கண்ணை உறுத்துவதால் அதைச் செய்யச் சொல்லிவிட்டு, இரு முனையிலும் வரிசை வரிசையாக முடிச்சு உதிர்வதைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

முனையைக் கட்டுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. வெளுக்காத பருத்தி நூலும் முனை மழுங்கிய ஊசியும் போதும். பின்பக்கமிருந்து ஆரம்பித்து, கடைசி முடிச்சு வரிசைக்கு உள்ளே இரண்டு மூன்று ஊடைக்கு (குறுக்கே ஓடும் நூலுக்கு) அப்பால் ஊசியை ஏற்றி, இரண்டு பாவுக்கு ஒரு தையல் என்று கம்பளித் தையல் (பிளாங்கெட் ஸ்டிட்ச்) போட்டுக்கொண்டே போங்கள். ஒவ்வொரு தையலின் ஆழத்தையும் ஒரு ஊடை முன்னே பின்னே மாற்றுங்கள். எல்லாம் ஒரே வரியில் விழுந்தால் அந்த வரியிலேயே கிழியும். இறுக்கிக் கட்டினால் முனை சுருங்கிச் சுருண்டுகொள்ளும்.

கரை என்பது இருபக்கத்து ஓரம். அங்கே சுற்றியிருக்கும் கம்பளி தேய்ந்து பாவு வெளியே தெரிந்தால், அதே நிறக் கம்பளி நூலால் நெருக்கமாகச் சுற்றித் தைத்துவிடலாம்.

ஓட்டைக்கு முதலுதவி, பின்பக்கம் ஒரு தாங்கு துணி. காடாத் துணியை இரண்டு தடவை நனைத்துக் காயவைத்துச் சுருங்கவிட்ட பிறகு, ஓட்டையை விட நாலு விரற்கடை பெரிதாக வெட்டி, நல்ல பகுதியின் ஊடையில் பிடித்துத் தைக்கவும். அவிழ்ந்து தொங்கும் பாவுகளை வெட்டாமல் துணிமேல் கிடத்திச் சின்னத் தையலால் பிடித்துவையுங்கள். பின்னால் ரிப்பேர் செய்பவருக்கு அவைதான் வழிகாட்டி. ஃபெவிகால், ரப்பர் பசை, இஸ்திரி போட்டு ஒட்டும் துணி எதுவும் வேண்டவே வேண்டாம். பசை காய்ந்து கட்டியாகும், அதைச் சுற்றியுள்ள நல்ல பாவு உடையும், அப்புறம் ஊசியே இறங்காது.

முடிச்சு போட்டு நிரப்புவது தேர்ந்த ரஃபூ வேலைக்காரருடைய, அதாவது கிழிசலை இழையோட்டிச் சரிசெய்பவருடைய வேலை. ஆனால் அவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க உங்களுக்கு முறை தெரிந்திருக்க வேண்டும். புதுப் பாவு நூலை, பழைய பாவின் தடத்திலேயே ஓட்டையின் இரு பக்கமும் குறைந்தது ஓர் அங்குலம் நல்ல பகுதிக்குள் ஓட்ட வேண்டும். விளிம்போடு நிறுத்தினால் பிய்ந்துகொண்டு வரும். அப்புறம் ஊடை, அதன்மேல் முடிச்சு வரிசை, மறுபடி ஊடை. முடிச்சு அசலின் ரகத்திலேயே இருக்க வேண்டும். பாரசீக முடிச்சுக் கம்பளத்தில் துருக்கி முடிச்சு போட்டால் ரோமம் வேறு பக்கம் சாயும். மேலே நிறம் பொருந்தினாலும் வெளிச்சத்தில் திட்டாகத் தெரியும். அங்குலத்துக்கு எத்தனை முடிச்சு என்று பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்து எண்ணி, புது வேலையிலும் அதே எண்ணிக்கை வருகிறதா பாருங்கள். ரோமத்தை நீளமாக விட்டு, எல்லாம் முடிந்த பிறகு வளைந்த கத்தரியால் சுற்றியுள்ள உயரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட வேண்டும்.

நிறம் பொருத்த மத்தியான நேரத்து வளவு முற்றத்து வெளிச்சம் நல்லது, டியூப்லைட்டை நம்பாதீர்கள். ரோமத்தைப் பிளந்து அடி நிறத்தைப் பார்க்காமல், வெளுத்த மேல் நிறத்துக்குப் பொருத்துங்கள். பாரசீகச் சிவப்பு மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து வந்தது. அதில் சிவப்பு தருவது அலிசரின். நம் கடற்கரைச் சாயவேரிலும் அதே அலிசரின்தான். படிகாரத்தில் ஊறவைத்த கம்பளியில் சாயவேரும், நீலத்துக்கு அவுரியும், மஞ்சளுக்கு மாதுளை ஓடும் பக்கத்தில் வந்து நிற்கும். கடைச் சாயம் என்றால், நூலில் பாதியை அட்டையால் மூடிச் சில வாரம் வெயிலில் வைத்து, இரண்டு பாதியும் ஒரே நிறத்தில் இருந்தால் மட்டும் எடுங்கள்.

எவ்வளவு தூரம் போகலாம்? லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்து அர்தபீல் கம்பளம் ஒரு பாடம். 1539–40-ஐக் குறிக்கும் ஹிஜ்ரி 946 அதிலேயே நெய்திருக்கிறது. ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் சொல்ல, 1893-ல் 2000 பவுண்டுக்கு வாங்கினார்கள். அது முழுசாகத் தெரிவதற்குக் காரணம், அதன் ஜோடிக் கம்பளத்திலிருந்து துண்டுகளை எடுத்து நிரப்பியதுதான். குறைபட்ட ஜோடி இன்றைக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி கலை அருங்காட்சியகத்தில். இந்தக் காலத்தில் யாரும் அதைச் செய்யத் துணிய மாட்டார்கள். உங்கள் வீட்டில் ஒரே ஜோடியாக இரண்டு இருந்து, “ஒன்றை வெட்டி மற்றதைச் சரிசெய்து தருகிறேன்” என்று யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நடுவில் முடிச்சுவரை தேய்ந்த கம்பளத்தை அப்படியே விடலாம். நல்ல கைக்கு முடிச்சுக் கூலி கம்பளத்தின் மதிப்பையே தாண்டிவிடும், மலிவான கை கெடுத்துவிடும்.

விரித்தால்

ஆத்தங்குடிக் கல்லுக்கு மினுமினுப்பு வர தேங்காயெண்ணெய் போட்டுத் துடைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. அந்த எண்ணெய் பருத்திப் பாவில் ஏறிக் கறுக்கும். கம்பளம் விரிக்கும் இடத்தில் எண்ணெய்த் துடைப்பை நிறுத்தி, வெறும் துணியால் துடைத்து, கம்பளி ஃபெல்ட் அல்லது தடித்த பருத்தி விரிப்பைக் கீழே போடுங்கள். ரப்பர், பிவிசி ஃபோம் நம் கோடையில் இளகி ஒட்டிக்கொள்ளும். வளவிலிருந்து வெயில் விழும் பக்கம் வெளுக்கும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தலைமாடு கால்மாடாகத் திருப்புங்கள்.

கல்யாண வீட்டுக் கறைகளுக்குச் சில குறிப்பு. குங்குமம் கொட்டினால் தண்ணீர் கூடவே கூடாது. முதலில் வேக்குவம், பிறகு உலர்ந்த பஞ்சு. காபி என்றால் ஒற்றி எடுத்து, குளிர்ந்த நீரால் ஒற்றி, மறுபடி காய்ந்த துணி. விளக்கெண்ணெய் சிந்தினால் ஒற்றிய பிறகு முல்தானி மிட்டியைத் தூவி, ஒரு ராத்திரி விட்டு உறிஞ்சி எடுக்கலாம். மஞ்சள் கறை பிடிவாதமானது, ஆனால் வெளிச்சத்தில் தானாக வெளுக்கும். பிளீச் வைத்தால் கறையோடு கம்பளியும் போகும்.

சுருட்டி வைத்தால்

மடிக்காதீர்கள், சுருட்டுங்கள். குறைந்தது ஆறு அங்குல விட்டமுள்ள குழாயில் அலுமினியத் தாளும் அதன்மேல் துவைத்த காடாவும் சுற்றி, ரோமம் வெளிப்பக்கம் இருக்க, ரோமம் சாயும் திசையில் சுருட்ட வேண்டும். நடுநடுவே மெல்லிய வெள்ளைத் துணி. மேலே துவைத்த துணி உறை. பாலிதீன் வேண்டாம், வியர்க்கும். அகலமான துணி நாடாவால் கட்டி, தரையில் வைக்காமல் இரு முனையிலும் குழாய் தாங்குகிற மாதிரி உயரத்தில் வையுங்கள். மழைச் சுவரை ஒட்டக் கூடாது. அறையின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் பூஞ்சைக்கு வேலையில்லை. சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை மாட்டி வையுங்கள்.

வேப்பிலையும் வசம்பும் துணிப் பையில் போட்டு, கம்பளத்தைத் தொடாமல் தொங்கவிடலாம். வருகிற பூச்சியை அவை தயங்க வைக்கும், உள்ளே இருப்பதைக் கொல்லாது. அந்துருண்டையை நான் வீட்டுக்குள் விடச் சொல்ல மாட்டேன். நாப்தலீன் குழந்தைகளுக்கு, முக்கியமாக ஜி6பிடி என்ற ரத்த நொதிக் குறைபாடு பிறவியிலேயே உள்ளவர்களுக்கு ஆபத்து.

எது செய்தாலும் பிரித்துப் பார்ப்பதற்கு ஈடாகாது. பொங்கலுக்கும் ஆடிக்கும் வீடு திறக்கும்போது சுருளை முழுதாக விரித்து, இரு பக்கமும் வேக்குவம் செய்து, தேதியைச் சீட்டில் எழுதி உறையில் கட்டுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவி மட்டும் கொடுத்துப் போகாமல், துகள் எப்படி இருக்கும் என்று கையோடு காட்டிவிட்டுப் போங்கள்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதானால்

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் உறவினர் தம் பங்குக் கம்பளத்தைப் பெட்டியில் கட்டிக் கிளம்புவதற்கு முன் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருள். தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. நூறு வயது ஆகவில்லை என்றால், தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொண்டு போகலாம். அதற்கும் முதலில் எடுத்த போட்டோவும் அளவுகளும்தான் உதவும்.